கழுதை மேல் ஏறிய கணினி

2021 ஏப்ரல் மாதம். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் தொகுதியில் கோட்டூர் என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. வண்டி போகச் சாலை இல்லாததால் வாக்குப்பதிவு எந்திரங்களைக் கழுதை முதுகில் கட்டி மலைக்கு மேலே கொண்டு போனார்கள். பின்னால் அதிகாரிகளும் போலீஸாரும் நடந்தே போனார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. பலர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பார்கள்.

மென்பொருள் எழுத ஆசைப்படும் நண்பர்கள் மட்டும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பது நல்லது. அந்தப் பெட்டிக்குள் இருப்பதும் ஒரு சின்னக் கணினிதான். அது கழுதை மேல் ஏறும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். குலுங்கினாலும் கெடக்கூடாது. மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிய வேண்டும். இதெல்லாம் தானாக அமைந்துவிடாது. யாரோ முன்கூட்டி யோசித்து, "இந்த எந்திரம் இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதி வைத்தால்தான் நடக்கும். இப்படி எழுதி வைப்பதைத்தான் கணினித் துறையில் ரெக்வயர்மென்ட்ஸ் என்கிறார்கள். தமிழில் தேவைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் "நல்லா கட்டுங்க" என்று மட்டும் சொன்னால் அவருக்கு நல்லதாகப்பட்ட வீடுதான் கிடைக்கும். எத்தனை அறை, வாசல் எந்தப் பக்கம், மாடிப்படி உள்ளேயா வெளியேயா என்று சொன்னால்தான் நமக்கு வேண்டிய வீடு வரும். மென்பொருளும் அப்படியே. ஒரே ஒரு வித்தியாசம். சுவர் தப்பாக எழும்பினால் கண்ணுக்குத் தெரியும். மென்பொருளில் தப்பு இருந்தால், அது பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் பல சமயம் தெரியும்.

எந்திரத்தின் கதை

ஐதராபாத்தில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம் 1979-ல் இதன் முன்மாதிரியைச் செய்தது. 1980 ஆகஸ்டில் அரசியல் கட்சிகளின் பிரதிநிதிகளுக்கு அதை இயக்கிக் காட்டினார்கள். பிறகு பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. நம் எழுத்தாளர் சுஜாதா, அதாவது பொறியாளர் எஸ்.ரங்கராஜன், அந்த நிறுவனத்தில் இந்த எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். அவர் கதைகளைப் படித்த அளவுக்கு இந்த வேலையைப் பற்றி நாம் பேசுவதில்லை.

1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக எந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். எந்திரம் ஓடியது, முடிவும் வந்தது. 123 வாக்கு வித்தியாசத்தில் சிவன் பிள்ளை ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு வைத்து மறுபடி தேர்தல் நடத்தச் சொன்னது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார்!

கோளாறு எந்திரத்தில் இல்லை. அன்றைய சட்டமும் விதிகளும் வாக்குச்சீட்டைப் பற்றி மட்டுமே பேசின. எந்திரத்துக்கு அதில் இடமே இல்லை. ஒருவர் பதவி பறிபோனதற்குக் காரணம், "இந்தக் கருவி நடப்பிலுள்ள சட்டத்துக்குள் அடங்க வேண்டும்" என்ற தேவை நிறைவேறாமல் போனதுதான். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 61ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான் வழி திறந்தது. அது 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் எந்திரம் வந்தது. 2004-ல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் எந்திரத்திலேயே நடந்தது.

இதிலிருந்து முதல் பாடம்: பொத்தானை அழுத்துபவர் மட்டும் பயனாளர் இல்லை. நீதிபதி, தணிக்கையாளர், தோற்றுப்போன வேட்பாளர் எல்லோரும் அந்த மென்பொருளோடு சம்பந்தப்பட்டவர்கள். தேவைப் பட்டியல் எழுதுமுன் இவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது.

எண்ணில் எழுதுங்கள்

"எந்திரம் நிறைய வேட்பாளர்களைத் தாங்க வேண்டும்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறைய என்றால் எத்தனை? ஒரு வாக்களிப்பு அலகில் 16 பெயர். நான்கு அலகுகளை இணைத்தால் 64. பழைய எந்திரங்களின் எல்லை இதுதான். அதற்கு மேல் வேட்பாளர் இருந்தால் வாக்குச்சீட்டுக்குத்தான் போக வேண்டும்.

64 போதாதா என்று கேட்கலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சி தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்ததுதான் காரணம். வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று எந்த வடிவமைப்பாளர் நினைத்திருப்பார்?

இதற்கு எந்திரத்தைப் பெரிதாக்குவது மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். அதே 1996-ல் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தினார்கள். வேட்பாளர் பட்டியல் நீளாமல் இருக்க அது ஒரு தடை. எல்லாப் பிரச்சினைக்கும் மென்பொருளில்தான் விடை என்பதில்லை. ஆனாலும் பணத்தால் போட்ட தடை எல்லாரையும் நிறுத்திவிடாது. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் விவசாயிகள் மறுபடி அதே வழியில் இறங்க, 185 வேட்பாளர்கள். அதற்குள் எம்3 என்ற புதிய வகை வந்துவிட்டது. அதில் 24 அலகுகள் வரை, அதாவது 384 பெயர் வரை இணைக்கலாம். நோட்டாவையும் சேர்த்து 186 வரிகளுக்கு 12 அலகுகள் வைத்து அந்தத் தேர்தலை எந்திரத்திலேயே நடத்தினார்கள்.

ஆகவே நிறைய, வேகமாக, எளிதாக, பாதுகாப்பாக போன்ற சொற்கள் பட்டியலில் வந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பக்கத்தில் ஒரு எண்ணும், அந்த எண்ணைத் தாண்டினால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும்.

செய்யக்கூடாததையும் எழுதுங்கள்

பலர் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதுவார்கள். இந்த எந்திரத்தின் அழகு அது செய்ய மறுப்பதில் இருக்கிறது. அதிகாரி தன் கட்டுப்பாட்டு அலகில் 'பேலட்' பொத்தானை அழுத்தினால்தான் ஒருவர் வாக்களிக்க முடியும். ஒருவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு வாக்குதான். 'குளோஸ்' அழுத்திய பிறகு வாக்கு ஏறாது. குளோஸ் அழுத்தாமல் முடிவு வராது.

நிமிடத்துக்கு 4 வாக்குக்கு மேல் பதிவாகாது என்பதும் ஒரு தேவை. கள்ள ஓட்டுக் கும்பல் சாவடியைப் பிடித்தால், வாக்குச்சீட்டு முறையில் முத்திரை குத்திப் பெட்டியில் திணித்துவிட்டு ஓடிவிடும். எந்திரத்தில் 1000 வாக்குப் போட 250 நிமிடம் ஆகும். அதற்குள் போலீஸ் வந்துவிடும் என்பது கணக்கு. பொதுவாக மென்பொருள் வேகமாக இருக்க வேண்டும் என்போம். இங்கே மெதுவாக இருப்பதுதான் தேவை!

இதற்கும் ஒரு எல்லை உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் தர்மபுரி தொகுதியில், பாப்பிரெட்டிப்பட்டி பகுதியில் 8 சாவடிகளுக்கு மே 19 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. எந்திரம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சாவடிக்குள் மனிதர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அதன் கையில் இல்லை. எது மென்பொருளின் பொறுப்பு, எது மனிதரின் பொறுப்பு என்று கோடு போட்டு எழுதுவதும் தேவைப் பட்டியலின் வேலைதான்.

விட்டுப்போன பொத்தான்

யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லாதவர் என்ன செய்வார்? வாக்குச்சீட்டு என்றால் வெறும் தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. எந்திரத்தில் அதற்குப் பொத்தானே இல்லை. 49ஓ விதியின்படி அதிகாரியிடம் போய் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவர் பதிவேட்டில் குறிப்பார். பக்கத்தில் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். சின்ன ஊரில் இது எவ்வளவு பெரிய தைரியம்! பழைய முறையில் ஓசையில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த ரகசியம் புதிய முறையில் தொலைந்துபோனது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் நோட்டா பொத்தான் வந்தது. தர்மபுரிக்குப் பக்கத்தில் ஏற்காட்டில் அதே ஆண்டு டிசம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அது இருந்தது.

பழைய கைவேலையைக் கணினிக்கு மாற்றும் ஒவ்வொருவரும் இதை நினைவில் வைக்க வேண்டும். பழைய நோட்டுப் புத்தகம் எழுதப்படாத சில வசதிகளைத் தந்திருக்கும். புது முறையில் அவை காணாமல் போன பிறகுதான் அவற்றின் அருமை தெரியும். அதனால் எழுதுமுன் பழைய வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளாவது போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது நம்பிக்கை. வணிகவியல் மாணவர்களுக்கு இது உடனே புரியும். கணக்கு சரியாகவே இருந்தாலும் வவுச்சர் இல்லாவிட்டால் தணிக்கையாளர் ஒத்துக்கொள்வாரா? பழைய எந்திரம் அப்படித்தான் இருந்தது. உள்ளே சரியாக எண்ணியிருக்கலாம், ஆனால் வாக்காளர் கையில் சாட்சி இல்லை. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் விவிபேட் என்ற காகிதச் சீட்டுக் கருவி முதலில் வந்தது. யாருக்கு வாக்கு விழுந்தது என்பது 7 நொடி கண்ணாடி வழியே தெரியும். பிறகு சீட்டு பெட்டிக்குள் விழும். எத்தனை சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பது என்ற வழக்கு 2024 ஏப்ரல் வரை உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 'சரியாக இருக்க வேண்டும்' என்பது ஒரு தேவை. 'சரியாக இருப்பது தெரிய வேண்டும்' என்பது வேறொரு தேவை. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பக்கூடாது.

பவணந்தியார் சொன்னது

தேவைப் பட்டியல் எழுத உலகில் பல வழிமுறைகள் உண்டு. 1984-ல் ஐஇஇஇ அமைப்பு 830 என்ற எண்ணில் ஒன்று வெளியிட்டது. 2011-ல் 29148 என்ற சர்வதேசத் தரம் அதன் இடத்துக்கு வந்தது. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம், கட்டாயம் என்றால் என்ன, விருப்பம் என்றால் என்ன என்று சொல்லுக்குச் சொல் வரையறுத்தது.

நமக்கு இது புதிதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறார். அதில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொன்னால் குன்றக் கூறல்: நோட்டா பொத்தான் விட்டுப்போனது. ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் கூறியது கூறல்: ஒன்றைத் திருத்தி இன்னொன்றை மறந்துவிடுவோம். முன்னுக்குப் பின் முரணாக எழுதினால் மாறுகொளக் கூறல். இரண்டு அர்த்தம் வரும்படி எழுதினால் மயங்க வைத்தல்: நிரல் எழுதுபவர் ஓர் அர்த்தமும் சோதிப்பவர் இன்னோர் அர்த்தமும் எடுத்துக்கொள்வார்கள்.

கைப்பேசிச் செயலியில் பிழை வந்தால் அடுத்த வாரம் அப்டேட் அனுப்பிச் சமாளிக்கலாம். வாக்குப்பதிவு எந்திரத்தில் அது முடியாது. அதன் சிப்பில் நிரலை ஒருமுறைதான் எழுத முடியும், பிறகு மாற்ற முடியாது என்கிறது தேர்தல் ஆணையம். நிரலைத் திருத்த முடியாது என்றால், அதற்கு முன்னால் எழுதும் வாக்கியம் திருத்தமாக இருக்க வேண்டும்.

அடுத்த முறை புராஜெக்ட் என்று உட்காரும்போது கீபோர்டைத் தொடும் முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். "இதைக் கழுதை மேல் ஏற்றி மலைக்குக் கொண்டு போனால் என்ன ஆகும்?" என்று முதல் கேள்வியை எழுதுங்கள். கோட்டூர் மலையில் வரிசையில் நிற்கும் ஒருவரின் வாக்கு, என்றோ எங்கோ ஒருவர் தாளில் ஒழுங்காக எழுதிய ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறது.