பால்மரம் சிவக்கும் மாதம்

பிப்ரவரி 22, சனி

விடிந்ததும் மலேசியாவின் லாபுவிலிருந்து கிளம்பினோம். நான் ஓட்ட, அத்தை முன்னிருக்கையில். பால்மரம் வெட்டியே, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தே, எங்களையெல்லாம் ஆளாக்கியவர். லாபு சுற்றுவட்டாரத்தில் இப்போது எங்கும் செம்பனை. அதற்கு வருடம் முழுக்க ஒரே பச்சை. சிரம்பானைத் தாண்டி, கோலா பிலா சாலையில் மலை ஏறும்போதுதான் நிறம் மாறியது. சிறு தோட்டக்காரர்களின் பால்மரங்கள் மஞ்சளும் ஆரஞ்சும் செம்புமாக நின்றன.

நான்கு பருவம் இல்லாத நாட்டுக்கு இந்த இலையுதிர் காலம் அமேசானிலிருந்து வந்தது. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். மறு வருடம் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஊர் மாறியும் மரம் தன் குணத்தை விடவில்லை. பிப்ரவரி, மார்ச் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தளிர்க்கிறது.

புக்கிட் பூத்துஸ் கணவாயில் வண்டியை நிறுத்தினேன். 1875 டிசம்பரில் மலாய்ப் படைக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த இடம். கைப்பேசியில் நான் படமெடுப்பதைப் பார்த்து அத்தை சிரித்தார்.

“இதுல என்னடா அழகு? மரம் மொட்டையானா நமக்குக் கை கடிக்கும்.”

இலை உதிர்ந்தால் பால் குறையும். தளிர் விடும்போது மரத்தின் சத்து தளிருக்கே போவதால் இன்னும் குறையும். தோட்டத்தில் வெட்டை நிறுத்திவிட்டுப் புல் வெட்ட அனுப்புவார்களாம். கூடுதல் பாலுக்குக் கிடைக்கும் காசு அந்த வாரங்களில் கிடையாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று புக்கிட் தங்கா வளைவுகள் வழியாக ஜெலெபு. தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி இது. காடு விலகிய சரிவுகளில் மறுபடியும் செம்பு நிறம். சில மரங்களில் அதற்குள் பளபளவென்று தளிர்.

இலை சிவக்கும் காலத்தில் மலைப்பாதையில் போய்த் திராட்சை மது ருசிப்பது மேல்நாட்டு வழக்கம். எங்கள் தோட்டங்களில் இருந்தது கள்ளுக்கடை. “பால் குறைஞ்ச மாசத்துலயும் உங்க மாமாவோட கள்ளுக்கடைக் கணக்கு குறையல” என்றார் அத்தை. இது ஒரு வீட்டுக் கதையல்ல. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள்.

பிப்ரவரி 24, திங்கள்

மலேசியாவின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்று சிறு தோட்டக்காரர்களுடையது. பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறி வெகுகாலமாகிறது. விலை சரிந்தால் இந்தச் சரிவுகளும் மாறும். பார்க்க நினைப்பவர்கள் மார்ச் முடிவதற்குள் போய்வாருங்கள். வண்டியில் இடமிருந்தால், பால்மரம் வெட்டிய ஒருவரையும் அழைத்துப் போங்கள். அந்த நிறத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.