தட்டும் ஓசை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வாசிப்புக் கூடலில் ஒரு கேள்வி எழுந்தது: அரபு எழுத்தாளர்கள் தம் தரப்பை ஏன் உலகிற்குச் சொல்வதில்லை? கேட்டவர் ஒருவர்தான், ஆமோதித்துத் தலையசைத்தவர்கள் நாங்கள் அனைவரும். அந்த அறியாமையைக் களைந்த சில நூல்களை இங்கே பரிந்துரைக்க விழைகிறோம்.

முதலாவது, லெபனானில் பிறந்து பிரெஞ்சில் எழுதும் அமின் மாலூஃப் 1983இல் வெளியிட்ட நூல். சிலுவைப் போர்களை அரபு வரலாற்றாசிரியர்களின் பதிவுகள் வழியே அது சொல்கிறது. இப்னுல் அதீர் போன்றோருக்கு வந்தவர்கள் சிலுவை வீரர்கள் அல்லர், 'ஃபரன்ஜ்'கள். நம் 'பரங்கி'யும் அதே வேரில் கிளைத்த சொல்லே. தொலைவு சற்றுக் குறைந்தாற்போல் இருந்தது.

அடுத்தது எட்வர்ட் செய்த் எழுதிய 'ஓரியண்டலிசம்' (1978). கீழை நாடுகளைப் பற்றி மேற்கு எழுதிக் குவித்ததில் எவ்வளவு அறிவு, எவ்வளவு அதிகாரம் என்று ஆராயும் நூல். செய்த், மாலூஃப் இருவருமே கிறித்தவக் குடும்பங்களில் பிறந்த அரபியர். உலக முஸ்லிம்களில் பெரும்பாலோர் அரபியரும் அல்லர். இரண்டையும் ஒன்றெனக் கொண்டிருந்த எங்கள் எண்ணம் அங்கேயே உடைந்தது.

எங்களை உலுக்கியது கஸ்ஸான் கனஃபானியின் குறுநாவல், 'வெயிலில் மனிதர்கள்' (1963). பிழைப்புத் தேடி குவைத்திற்குள் நுழைய, வெற்றுத் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து செல்லும் மூன்று பாலஸ்தீனர்கள் எல்லைச் சாவடியில் வெந்து மடிகிறார்கள். அவர்கள் ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் புலம்புவதோடு கதை முடிகிறது. எகிப்திய இயக்குநர் தவ்ஃபீக் சாலிஹ் இதை 1972இல் திரைப்படமாக்கினார். அவர் முடிவை மாற்றினார்: அவர்கள் தட்டுகிறார்கள். சாவடி அலுவலகத்தின் குளிர்சாதன இரைச்சலில் அது எவர் காதிலும் விழுவதில்லை. கனஃபானி அதே ஆண்டு பெய்ரூட்டில் கார் குண்டுக்குப் பலியானார்.

அயல்நாட்டு மக்களிடம் ஓர் அரசு நேரடியாகப் பேசி நன்மதிப்புத் தேடுவதைப் பொதுமக்கள் இராஜதந்திரம் என்பர். 2001க்குப் பின் அமெரிக்கா அதில் முனைந்தது. 2002இல் 'சவா' வானொலி, 2004இல் 'அல் ஹுர்ரா' தொலைக்காட்சி என அரபு மொழியில் தொடங்கியது. இடையே, 2003இல் எட்வர்ட் ஜெரேஜியன் தலைமையிலான ஆலோசனைக் குழு அம்முயற்சிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. வெளியுறவுத் துறையில் அரபியில் உயர்ந்த தேர்ச்சி பெற்றவர்கள் 54 பேர்தாம் என்றது அது. பேசுவதற்கு அலைவரிசைகள் பெருகின. கேட்பதற்குச் செவிகள் போதவில்லை.

வல்லரசைக் குறை கூறிவிட்டு நாங்கள் தப்பிவிட முடியாது. அந்தக் கேள்வி எழுந்த நாளில் இந்நூல்கள் அனைத்தும் வெளிவந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இரைச்சல் எங்கள் அறையில் இருந்தது.

இவற்றைப் படித்து அரபு மனத்தை அறிந்துவிட்டதாகவும் நாங்கள் கருதவில்லை. ஒரு நாவல் ஒரு சமூகத்தின் மீதான புலனறிக்கை அன்று. ஆயினும் ஒரு கேள்வியை இனி எங்களால் கேட்க இயலாது. அதுவே எங்களுக்குக் கிட்டிய பயன்.