ஆகஸ்டு விடுமுறைக்கு எந்தக் கரை?

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதையோரம் நின்று ஆகஸ்டு மாதக் கடலைக் காண்போர், கடற்கரை விடுமுறையே வேண்டாமென்று எண்ணக்கூடும். சோளகக் காற்று கரையை அறையும் காலம் அது. ஹிக்கடுவையிலும் பெந்தோட்டையிலும் அப்பொழுது பிள்ளைகளை நீரில் இறக்குதல் தகாது. நீரின் இழுப்பு, நீந்தத் தெரிந்த இளைஞரையும் விடுவதில்லை. அக்கரைகளுக்கு உரிய காலம் மார்கழி முதல் பங்குனி வரை.

ஆனால் நம் தீவுக்கு முகங்கள் இரண்டு. தென்மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு மலைநாட்டைக் கடக்கும் சோளகம், கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. அதனைக் கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என்பர். நாம் மாலையில் கொறிக்கும் கச்சான் வேறு! திருகோணமலையும் மட்டக்களப்பும் மழையைப் பெரிதும் பெறுவது வாடைக் காலத்திலேயே. ஆகவே ஆகஸ்டில் கிழக்கே செல்வதே அறிவுடைமை.

சிறு குழந்தைகளுடன் செல்வோர்க்கு நான் தயங்காமல் பாசிக்குடாவையே சொல்வேன். முருகைக் கற்பார் அலையைத் தடுப்பதால், கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்த பின்னரும் அங்கு நீர் ஆழமின்றி அமைதியாயிருக்கும். நெடுநாட் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பாழாக்கிய அக்கரையில், பின்னர் பெரும் விடுதிகள் எழுந்தன. அவற்றின் வாடகை நடுத்தரக் குடும்பத்துக்குச் சற்றுக் கனம். கல்குடாப் பக்கத்துச் சிறு விடுதிகளையும் விசாரித்தல் நன்று.

பாட்டியும் உடன் வருவதாயின் திருகோணமலையே சிறந்தது. காலையில் கோணேசர் தரிசனம், பின்பு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் நீராடல், மாலையில் நிலாவெளி. புகையிரதத்தில் செல்ல விரும்புவோர் இடங்களை முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். விடுமுறைக் காலத்தில் அவை விரைவில் நிறைந்துவிடும்.