கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஓர் ஒன்பது வால் நரி!

மூர் மார்க்கெட் வளாகத்தில் கிளம்பிய கும்மிடிப்பூண்டி லோக்கல், மீஞ்சூர் தாண்டியதும்தான் கொஞ்சம் காலியானது. எதிர் சீட்டில் ஒரு பாட்டியும் பேரனும். பையன் கையில் 'போக்கிமான் கோ'.

"வல்பிக்ஸ், நைன்டேல்ஸா மாறிடுச்சு பாட்டி!"

பாட்டி எட்டிப் பார்த்தார். "நரியாடா அது? எதுக்கு இத்தனை வாலு?"

நியாயமான கேள்விதான். 1996-ல் ஜப்பானில் வெளியான முதல் போக்கிமான் கேமிலேயே வந்துவிட்ட நரி இது. சின்னதில் ஆறு வால், மாறினால் ஒன்பது. ஜப்பானில் இதன் பெயர் 'கியூகோன்'. 'கியூ' என்றால் ஒன்பது. 'கோன்' என்பது, நாய்க்கு நாம் 'லொள்' என்பதுபோல, நரிக்கு அவர்கள் சொல்லும் சத்தம். வாலைப் பிடித்தால் ஆயிரம் வருஷச் சாபமாம்!

எல்லாம் நாட்டுப்புறக் கதைகளிலிருந்து எடுத்ததுதான். ஜப்பானில் நரிக்கு 'கிட்சுனே' என்று பெயர். வயதாக ஆக வால் கூடும், பெண்ணாகவும் உருமாறும். அப்படி டமாமோ நோ மாயே என்ற அழகியாகி, டோபா என்ற பேரரசரையே மயக்கிய ஒன்பது வால் நரி, கடைசியில் நாசு என்ற ஊரில் விஷக்கல் ஆனதாகச் சொல்கிறார்கள். அந்தக் கல் 2022 மார்ச்சில் இரண்டாகப் பிளந்துகிடக்க, 'நரி தப்பிச்சிடுச்சு' என்று இணையமே அலறியது. அதே நரி, அதற்கு முன் சீனாவிலும் இந்தியாவிலும் அரச குடும்பங்களை ஆட்டிவைத்ததாம். நம்மூர் டாகினியும் அங்கே போய், வெள்ளை நரி மீது வரும் தெய்வமாகிவிட்டாள்.

நான் இதைச் சொல்லி முடிக்க, பாட்டி அசரவில்லை. "பொம்பளையா மாறினா என்ன... நம்ம நரி குதிரையாவே மாறியிருக்கே!"

அட, ஆமாம்! குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிவிட, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பிய கதை. ராத்திரியே அவை மறுபடி நரியாகி ஊளையிட்டது தனிக் கூத்து. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலை உண்டு. இதை வைத்து யாரும் கேம் செய்யவில்லையே என்று எனக்கு ஒரு வருத்தம்.

பொன்னேரி வந்தது. இந்தப் பக்கம் மஹிந்திராவும் ஜப்பானின் சுமிடோமோவும் சேர்ந்து நடத்தும் தொழிற்பூங்கா இருக்கிறது. பாட்டிக்கு ஊர், தேர்வாய் கண்டிகைக்குப் பக்கம். அங்கே சிப்காட்டுக்காக மேய்ச்சல் காட்டை எடுத்தபோது ஊர் ஜனங்கள் போராடியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

"அந்தக் காட்டுப் பக்கம்தான் மாடு ஓட்டிட்டுப் போவோம். பொழுது சாஞ்சா நரி ஊளை கேக்கும். எங்கம்மா கோழியெல்லாம் பிடிச்சுக் கூடையில கவுத்துடும்."

"இப்போ கேக்குதா பாட்டி?"

"ராத்திரி எல்லாம் லாரிச் சத்தம்தான்."

பையனிடம், நிஜ நரி பார்த்திருக்கிறாயா என்றேன். "ஜூல பார்த்தேன். தூங்கிட்டு இருந்துச்சு."

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும், "எப்படிப் பாட்டி கத்தும்?" என்று பிடித்துக்கொண்டான். பாட்டி சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தானையை வாயோரம் வைத்து நீளமாக ஓர் ஊளை விட்டார். ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாலைந்து பேர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றான் பையன், போனில் ரெக்கார்டரைத் தேடியபடி.