சில்லில் மட்டும் சமாளிப்பு வேண்டாம்

யாழ்ப்பாணத்தவருக்கு வாகனத்தை எப்படியாவது ஓடவைக்கத் தெரியும். 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, குடாநாட்டுக்குள் பெற்றோலும் பற்றரியும் அரிய பொருட்களாகிவிட்டன. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு வண்டியின் பாகத்தைக் கழற்றி, அரத்தால் ராவி, வேறொரு வண்டியில் பொருத்திய கைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கைகள்மீது எனக்குள்ள மரியாதை குறையாது. ஆனால் பழைய பிக்கப் ஒன்றுக்குப் பாவித்த அலோய் சில்லுத் தேடப் போனபோது, அந்தச் சமாளிப்பு நுழையக்கூடாத இடமும் உண்டு என்பது எனக்குத் தெளிவானது.

கொழும்புத்துறையில் மாமாவிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்து ரொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்வீல். ஐஸ், வலை, மீன்பெட்டி என்று துறைமுகப் பக்கம் அதற்கு வேலை ஓய்வதில்லை. உப்புக் காற்று இரும்பு றிம்மின் விளிம்பைத் தின்றுவிட, ரயரில் காற்று நிற்காமல் போயிற்று. புது வாகனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில். எனவே இருப்பதைக் காப்பாற்றவேண்டும். யப்பானிலிருந்து வரும் பாவித்த பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் குவிகின்றன. அங்கிருந்து வடக்குக்கும் வருகின்றன.

மாமாவின் கண் முதலில் போனது பளபளப்பான ஒரு செற்றில்தான். பிற்கால மிற்சுபிஷி மொன்ரேரோவில் இருந்து கழற்றியது. ஆறு ஓட்டை. எங்கள் வண்டியிலும் ஆறு ஓட்டை. ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் ஒன்றே: 139.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். யப்பான் பிக்கப்புகள் பலவற்றுக்கும் இதே அளவுதான். டூவீல் ஹைலக்ஸ் பலவற்றில் ஐந்து ஓட்டை, 114.3. இந்த ஓர் அளவு சரிவந்துவிட்டால் சில்லுப் பொருந்தும் என்றே பலர் நம்புகிறார்கள்.

எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணை நடு ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். “தம்பி, இது போகாது. உங்கட ஹப் உதுக்குள்ளால வராது.”

ஹைலக்ஸ் ஃபோர்வீலுக்கு நடு ஓட்டை 106 மில்லிமீற்றர் வேண்டும். மொன்ரேரோவினது 67. முன் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் சில்லு ஏறவே ஏறாது. “லேத்தில குடுத்துக் கடைஞ்சா?” என்று மாமா கேட்டார். தடைக்காலத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

அண்ணை நிலத்தில் கோடு கீறிக் காட்டினார். நட் ஓட்டையின் மையம் சில்லின் நடுவிலிருந்து சுமார் 70 மில்லிமீற்றர். 67 விட்டமுள்ள ஓட்டையின் விளிம்பு நடுவிலிருந்து 33.5. இடையில் 36 மில்லிமீற்றர் உலோகம். 106க்குக் கடைந்தால் விளிம்பு 53க்கு வந்துவிடும், மிச்சம் 17. அதிலும் நட் உட்காரும் குழியைக் கழித்தால் என்ன மிஞ்சும்? சுமை முழுவதையும் பிடித்து நிற்கும் இடத்திலேயே உலோகத்தைத் தின்றுவிட்டு, அதன்மேல் ஐஸும் மீனும் ஆட்களும் ஏற்றுவதா? “வேண்டாம் அண்ணை, அந்தப் பாவத்துக்கு நான் வரன்” என்று அவர் மாமாவுக்குச் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது.

அடுத்த அளவு ஓஃப்செற். சில்லின் அகலத்து நடுக்கோட்டிலிருந்து, ஹப்போடு பதியும் முகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. அது குறைந்தால் சில்லு வெளியே தள்ளி, பெயரிங்கின் சுமை கூடும். கூடினால் உள்ளே போய் எதிலாவது உரசும். இதைப் பெரும்பாலும் சில்லின் பின்புறத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதே பக்கத்தில் யப்பான் தர முத்திரையும் இருக்கும்: காருக்கு ஜேடபிள்யூஎல், லொறி பஸ் வகைக்கு அதோடு ஒரு ‘ரி’. சுமை ஏற்றும் பிக்கப்புக்கு அந்த ‘ரி’ தேடவேண்டிய எழுத்து. சுமையளவு பொறித்திருந்தால் அதையும் பார்க்கவேண்டும். பின் அச்சு தாங்கும் எடையில் பாதியை ஒவ்வொரு பின் சில்லும் தாங்கியாகவேண்டும்.

பாவித்த சில்லின் முகத்தை விட முதுகுதான் உண்மை சொல்லும். அடி வாங்கினால் இரும்பு பெரும்பாலும் வளையும். அலோய் வெடிக்கவும் கூடும். ஆரங்களின் அடியிலும் உள்விளிம்பிலும் மயிரிழை வெடிப்பு, ஒட்டிய வெல்டிங், ஒரு பக்கம் மட்டும் புதிதாய் அடித்த பெயின்ற் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிடவேண்டும். நட் ஓட்டைகள் நீண்டிருந்தால் அது தளர்ந்த நட்டோடு ஓடிய சில்லு. காசு கொடுக்குமுன் பலன்ஸ் மெஷினில் ஏற்றிச் சுற்றிப் பார்ப்பது நல்லது. ரயரோடு வந்தால் பக்கத்திலுள்ள நாலு இலக்கத்தை வாசியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

நட்டையும் மறக்கக்கூடாது. ரொயோட்டாவின் சொந்த அலோய் பலவற்றுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட். இரும்பு றிம்முக்குக் கூம்பு நட். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும், இறுகியிராது. சரியான நட்டைப் போட்டாலும் நூறு கிலோமீற்றருக்குள் ஒருமுறை திரும்ப முறுக்கவேண்டும்.

கடைசியில் மாமா வாங்கியது ஒரு ஹைலக்ஸின் சொந்த 15 அங்குல அலோய். மினுக்கம் குறைவு. ஆனால் எல்லா அளவும் சரி. ஹப்பில் சொல்லிவைத்தாற்போல் உட்கார்ந்தது. உப்புக் காற்றில் அலோயும் இரும்பு ஹப்பும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும் என்பதால், பதியும் முகத்தைத் துப்புரவாக்கி மெல்லிதாய்க் கிறீஸ் தடவித்தான் அண்ணை பூட்டினார்.

தடைக்காலக் கைகளைப் பற்றி நாம் பெருமை பேசும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். அந்தக் கைகள் ராவுமுன் அளந்தன. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்தன. பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டியது அந்த அறிவைத்தான். பாவித்த சில்லு விற்பவர்கள் ஓட்டை வட்டம், நடு ஓட்டை, ஓஃப்செற், சுமை என்ற நான்கையும் ஒவ்வொரு சில்லிலும் சோக்கால் எழுதிவைக்கட்டும். எழுதாவிட்டால் வாங்குபவர் கேட்கட்டும். பதில் வராத கடையில் எவ்வளவு மலிவாய்க் கிடைத்தாலும் வாங்கவேண்டாம்.