விநாடிக்கு மூன்று அலை

சிக்னல்ஸ் பேப்பருக்குப் படிக்கும்போது, "இந்த ஃப்ரீக்வென்சி, ஆம்ப்ளிட்யூட் எல்லாம் எங்கடா பயன்படப் போகுது?"ன்னு நீங்களும் ஒரு தடவையாவது புலம்பியிருப்பீங்க. எனக்கு அதுக்கான பதில் காரியாபட்டியில, எங்க சொந்தத்துக்குள்ளேயே கிடைச்சது.

என் சித்தி மகளுக்கு எட்டு வயசு. பேசிக்கிட்டே இருப்பா, திடீர்னு நின்னுடுவா. பத்து விநாடி வெறிச்ச பார்வை. அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி விளையாடப் போயிடுவா. டீச்சர் "கவனமே இல்லை"ன்னாங்க. அம்மாச்சி மிளகாய் சுத்திப் போட்டாங்க. மதுரையில பார்த்த டாக்டர்தான் இது வலிப்பில் ஒரு வகைன்னு சொன்னார். பேரு ஆப்சென்ஸ். கை கால் இழுக்காது, கீழே விழமாட்டாங்க. அதனாலதான் வீட்டுல யாருக்கும் சந்தேகமே வரலை.

உறுதி செய்ய ஈ.ஈ.ஜி. எடுத்தாங்க. தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காம வரச் சொன்னாங்க. எண்ணெய் இருந்தா எலெக்ட்ரோடு சரியா ஒட்டாது. மண்டைத் தோலுக்கு வந்து சேர்ற சிக்னல் சாதாரணமா 50 மைக்ரோவோல்ட் அளவுதான். நம்ம கடிகார பேட்டரியின் 1.5 வோல்ட்டில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு! ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் இதை மனுஷங்ககிட்ட முதல்ல பதிவு செஞ்சது 1924-ல். கட்டுரையா வெளியிட்டது 1929-ல்.

பாப்பா கையில ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்து, மூணு நிமிஷம் ஊதச் சொன்னாங்க. வேகமா மூச்சு விட்டா இந்த வகை வலிப்பு தூண்டப்படும். ஊதிக்கிட்டே இருந்தவ நின்னா. அதே நேரம் ஸ்கிரீன்ல எல்லாக் கோடும் ஒண்ணா எகிறுச்சு. கூரா ஒரு முள், பின்னாடியே அகலமா ஒரு அலை. விநாடிக்கு மூணு தடவை. 1935-ல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூணு பேரும் பாஸ்டனில் விவரிச்ச அதே வடிவம்.

மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துல வெறிச்ச பார்வை போயிடுச்சு. மறுபடி ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொன்னப்போ சித்தி தயங்கினாங்க. பட்டாசு வேலைக்குப் போறவங்க. ஒரு நாள் லீவுன்னா அன்னைக்குக் கூலி கிடையாது. "அதான் நல்லா இருக்காளே, எதுக்கு இன்னொரு டெஸ்ட்?"

அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. ஆனா போனோம். காத்தாடி ஊதும்போது அந்த மூணு அலை ரெண்டு மூணு விநாடி வந்துட்டுப் போச்சு. பாப்பாவைப் பார்த்துக்கிட்டே நின்ன எங்க யாருக்கும் எதுவும் தெரியலை. மெஷினுக்குத் தெரிஞ்சது. டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். அடுத்த பதிவுல கோடுகள் அமைதியா ஓடுச்சு.

"அப்போ மெஷின் சொன்னாப் போதுமே?"ன்னு கேப்பீங்க. போதாது. 2010-ல் அமெரிக்காவில் இதே வலிப்பு உள்ள 453 குழந்தைகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வெளிவந்துச்சு. மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க ஈ.ஈ.ஜி.யும் எடுத்தாங்க. வலிப்பை அடக்குறதுல எத்தோசக்சிமைடு, வால்ப்ரோயிக் ஆசிட் ரெண்டுமே கிட்டத்தட்டச் சமம். ஆனா கவனச் சிதறல் வால்ப்ரோயிக் எடுத்த குழந்தைகளுக்குக் கூடுதலா இருந்துச்சு. அதாவது, அலை அடங்கிட்டா வலிப்பு அடங்கிருச்சுன்னு தெரியும். கணக்குப் புத்தகத்தைத் திறந்தா மனசு அதுல நிக்குதான்னு அலை சொல்லாது. அதை டீச்சரும் வீட்டுல இருக்கிறவங்களும்தான் சொல்லணும்.

எல்லா வலிப்புக்கும் இப்படி ஈ.ஈ.ஜி.யை வெச்சு மருந்தை அளக்க முடியாது. பல வகையில பதிவு சுத்தமா இருக்கும், வலிப்பு வந்துக்கிட்டே இருக்கும். அங்கே எத்தனை தடவை வந்துச்சுன்னு தேதி போட்டு எழுதி வைக்கிற நோட்டுதான் பெரிய கருவி.

இப்போ சித்தி ரெண்டையும் விடுறதில்லை. ரிப்போர்ட் ஃபைலுக்குள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. என்னைக்கு வெறிச்சுப் பார்த்தா, என்னைக்கு மாத்திரை விட்டுப்போச்சு, டீச்சர் என்ன சொன்னாங்கன்னு எல்லாம் அதுல எழுதியிருக்கும். டாக்டர் முதல்ல புரட்டுறது அந்த நோட்டைத்தான்.

பயோமெடிக்கல் ப்ராஜெக்ட்டுக்கு ஈ.ஈ.ஜி. டேட்டாவை டவுன்லோடு பண்ற நண்பர்களே, ஃபில்டர் போடுங்க, மாடல் ட்ரெயின் பண்ணுங்க. அப்படியே அந்த நோட்டுக்கும் உங்க ஆப்பில் ஒரு இடம் ஒதுக்குங்க. உங்க தெருவுல ஒரு குழந்தை பேச்சு நடுவுல அடிக்கடி உறைஞ்சு நின்னா, "கனவு காணுது"ன்னு சிரிச்சிட்டுப் போயிடாம, டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க.