உத்திர முனையும் சுண்ணாம்புத் தளமும்

தேக்கு உத்திரங்கள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரைத் தளத்தில் ஆச்சுக்கல், சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு எல்லாமே ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்தவரை புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு இது போதுமாயிருந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது அங்கு ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இனி தளத்தின் வாட்டத்தைக் கூட்டி, தூம்பைப் பெரிதாக்கி, அது அடைத்துக்கொண்டாலும் நீர் வழியக் கைப்பிடிச் சுவரில் மற்றொரு வழி விட்டாக வேண்டும்.

இவற்றைவிடக் கடினமானது சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனை. தளத்தின் நடுவே கசிந்தால் கறை காட்டிக்கொடுக்கும். சுவருக்குள் புதைந்த ஒரு சாண் தேக்கு மக்கினால் வெளியே எதுவும் தெரியாது. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும். மக்கியது பொத்தென்று ஒலிக்கும். சந்தேகமிருந்தால் துரப்பணத்தால் சிறு துளையிட்டு, வரும் தூளைப் பார்க்க வேண்டும். கெட்ட முனையை வெட்டி, நல்ல தேக்கை ஒட்டுப்போட்டு, மரத்தைச் சுற்றிக் காற்றுக்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியைக் கலவையால் அடைப்பவர் அடுத்த மக்கலுக்கு வித்திடுகிறார்.

சுவரின் வெளியே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்; முனை இன்னும் வேகமாக அழியும். சுண்ணாம்பு பூசி வெள்ளையடித்தால் ஈரமும் வெளியேறும், வெயிலும் எதிரொளித்துத் திரும்பும். முற்றத்தைக் கண்ணாடியால் மூடிக் குளிர்சாதனம் வைப்பதும் இதே போன்ற தவறுதான்; அது வீட்டுக்குள் காற்றோடும் வழியையே அடைப்பது.

புதுச்சேரியின் வைசியாள் வீதிச் சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது. பழைய முறை இன்றும் செல்லும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் லாஸ்பேட்டை போன்ற பகுதிகளில் கான்கிரீட் வேலையிலேயே தொழில் பழகும் இளைஞர்கள் சுண்ணாம்பைத் தொடாமலே கொத்தனாராகிவிடுகிறார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, ஜல்லி இறுகும்வரை நாள்கணக்கில் அடிக்கும் பொறுமைக்கு ஒப்பந்தங்களில் கூலி இல்லை. மேலே நீர்புகா ரசாயனம் பூசி ஒரே நாளில் முடிப்பவருக்குப் பாராட்டு. சில ஆண்டுகளில் தளம் உப்பும்போது பழி மட்டும் பழைய கட்டடத்தின்மேல். 2014 நவம்பர் மழையில் பராமரிப்பின்றி நின்ற புதுச்சேரியின் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் சரிந்தது. 2021இல் பழைய தோற்றத்தில் அது மீண்டும் எழுந்தது. காலத்தே பராமரித்திருந்தால் அந்தச் செலவே தேவைப்பட்டிராது.

ஆண்டுதோறும் சித்திரையில் உத்திரங்களைத் தட்டிப் பார்ப்பதும், ஆனிக்குள் சுண்ணாம்பு வேலையை முடிப்பதும், புரட்டாசியில் தூம்புகளைத் துப்புரவாக்குவதும் இந்த வீடுகளுக்கான குறைந்தபட்சப் பராமரிப்பு.